ச. ரேணுகாம்பாள்

பாரதக் கூத்து பார்த்துப் பார்த்தே பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற பக்கம் இது. தெருவில் நின்று "தருமா" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். சகாதேவனுக்கு அவ்வளவு கிராக்கி கிடையாது. கூத்திலும் அவன் ஓரமாக நிற்கிற ஆள்தான். ஆனால் அவனிடம் ஒரு விசேஷம் உண்டு. நடக்கப்போவது எல்லாம் அவனுக்குத் தெரியும், கேட்டால்தான் சொல்லுவான். ஒருத்தரும் கேட்கவில்லை, பதினெட்டு நாள் யுத்தம் நடந்தது.

அவலூர்பேட்டை ரோட்டில் நிலக்கடலை உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஊரார் வாயில் அது மல்லாட்டைச் சங்கம். அங்கே ரெக்கார்ட் ரூமைப் பார்த்துக்கொண்ட சகாதேவனுக்கு நடக்கப்போவது எதுவும் தெரியாது. நடந்து முடிந்த ஒன்று மட்டும் தெரியும். அதையும் அவனிடம் யாரும் கேட்டதில்லை.

அது எழுபத்திரண்டாம் வருஷத்துக் கார்த்திகைத் தீபத்தின்போது நடந்தது.

அப்போது சகாதேவன் பதினோராம் வகுப்பில் இருந்தான். படிப்பு சுமார்தான் என்று சொன்னால் படிப்புக்கே கோபம் வரும். வாத்தியார் நாற்காலியில் நாயுருவியைப் பரப்பி வைப்பது, அவர் சைக்கிள் மணியின் மூடியைக் கழற்றி எச்.எம். மேஜைமேல் வைப்பது, இப்படியான காரியங்களில்தான் அவன் முதல் மாணவன். ஆனால் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். சாமி சில பேருக்கு இப்படித்தான் சம்பந்தமில்லாத இடத்தில் ஒன்றைக் கொடுத்து வைக்கிறது.

வகுப்பில் மூன்று ரேணுகாம்பாள்கள். படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பெண்களுக்கெல்லாம் அதே பெயர்தான். ஒருத்தி நெட்டை ரேணு, ஒருத்தி கீழ்நாத்தூர் ரேணு, இன்னொருத்தி சைக்கிள் கடை ரேணு. சைக்கிள் கடை வேணுவின் மகள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சகாதேவனைப் பார்த்தால் ஒரு நாளும் சும்மா போகமாட்டாள்.

"சகாதேவா, இன்னைக்கு மழை வருமா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"கேட்டாதான சொல்லுவ? கேக்கறேன் பாரு. சொல்லு."

"வரும்."

வராது. சாயங்காலம் வெறும் வானத்தைக் கையால் காட்டிவிட்டுப் போவாள். மறுநாள் மறுபடியும் கேட்பாள். அவனிடம் எல்லாரும் "ஏன்டா செஞ்ச?" என்று மட்டும்தான் கேட்பார்கள். அதைத் தவிர வேறு ஒரு கேள்வியை அவனிடம் கேட்ட ஒரே ஆள் அவள்.

பெரிய பரீட்சைக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டிய வேளை வந்தது. வாத்தியார் வீட்டில் தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பதினேழு பேர். அவருக்கு உட்கார்ந்து எழுத நேரமில்லை. பட்டியலை நல்ல கையெழுத்துக்காரன் தலையில் கட்டிவிட்டார். சகாதேவன் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டு வந்தான். வே. ரேணுகாம்பாள் என்கிற இடம் வந்தபோது கை நின்றது. நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அப்பா எழுத்து போய் வேறு எழுத்து எப்போது வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேடிக்கைக்காக, ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று, 'ச. ரேணுகாம்பாள்' என்று எழுதினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலையில் பிளேடால் சுரண்டி மாற்றிவிடலாம் என்று தூங்கப் போனான்.

தீபக் கூட்டம் வந்தால் போஸ்டாபீஸ் பக்கம் போக முடியாது என்று வாத்தியார் விடிவதற்கு முன்பே ஆள் அனுப்பிப் பட்டியலை வாங்கிப் போய்விட்டார். படித்துப் பார்க்காமலே கையெழுத்தும் ஆனது.

ஹால் டிக்கெட் 'ச' என்று வந்தது. அச்சுப் பிழை, அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றார் எச்.எம். அவள் பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கில் பாஸானாள். சான்றிதழும் 'ச' என்றே வந்தது. டீச்சர் டிரெய்னிங்கில் சேரப் போன இடத்தில், தகப்பன் பெயர் வேணு, எழுத்து 'ச', இது யார் சான்றிதழ் என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தம் கேட்டு மெட்ராஸுக்குப் போன காகிதம் மெட்ராஸிலேயே குடியேறிவிட்டது. "யார்ரா அந்த ச?" என்று வேணு கையில் ஸ்பேனரோடு புறப்பட்டார். வகுப்பில் 'ச' மூன்று பேர். அடி வாங்கியது சம்பத்து. சட்டை கிழிந்து அவன் அழுதபோது சகாதேவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. யாரும் கேட்கவில்லை.

தை பிறந்ததும் ரேணுவுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். எந்த ஊருக்கு என்று விசாரிக்க அவனுக்கு முகமில்லை. பிறகு வேணுவும் கடையை விற்றுவிட்டுப் போனார். விசாரிக்க ஆளும் இல்லாமல் போயிற்று.

எண்பத்தாறாம் வருஷம் சகாதேவனுக்கு இருபத்தொன்பது வயது. கணக்கில் கோட்டை விட்டாலும் கையெழுத்தைப் பார்த்துச் சங்கத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். நாலாயிரத்து முந்நூறு உறுப்பினர் அட்டைகள், ஊர்வாரியாக, இரும்பு டிராயர்களில். அம்மா பெண் பார்த்து அலுத்திருந்தாள். "உனக்கு யாரைத்தான்டா பிடிக்கும்?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அவன் பதில் சொல்லமாட்டான்.

அந்த வருஷம்தான் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தனி அறை, அறைக்குக் குளிர் மிஷின், வாசலில் செருப்பு விடும் இடம். ஆயுத பூஜைக்குக் குங்குமப் பொட்டும் எலுமிச்சம்பழமும் வைத்தார்கள். மேனேஜர் ராமகிருஷ்ணன் சூடம் மட்டும் வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

"இனிமே நம்ம சங்கம் மூட்டை வாங்கி விக்கிற எடம் மட்டும் இல்லைய்யா. வெவரம் குடுக்கற எடம்" என்று அவர் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். உறுப்பினர் ஒவ்வொருவருடைய கொல்லை நிலத்து மண், விதை, விதைத்த தேதி எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகும். அது அவரவருக்கு ஒரு யோசனைச் சீட்டு அடித்துக் கொடுக்கும். அதற்குத் தமிழ் தெரியாததால் சீட்டில் நம்பர்கள்தான் இருக்கும். ஏழு என்றால் ஜிப்சம் போடு, பன்னிரண்டு என்றால் கம்பளிப்புழுவுக்கு விளக்குப் பொறி வை. இதைக் கையேட்டில் பார்த்துப் படித்துச் சொல்ல, மூட்டை வாங்கும் ஒவ்வொரு ஊர் டெப்போவிலும் ஒரு தகவல் உதவியாளர் போடப்போவதாகவும், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், அந்தந்த ஊர்ப் பெண்களாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

கம்ப்யூட்டரை ஓட்ட வேலூரிலிருந்து சந்திரகலா என்ற பெண் வந்தாள். வயது இருபத்திரண்டு, வாய் நாற்பது. அட்டைகளைப் பார்த்துப் படிவம் எழுதித் தருவது சகாதேவன் வேலை, அதைத் தட்டி ஏற்றுவது அவள் வேலை.

"சார், ஒரு சந்தேகம். உங்க ஊர்ல ஜூன் ஒண்ணாந்தேதி மட்டும்தான் பிரசவம் பாப்பாங்களா?"

"அது ஸ்கூல்ல சேக்கும்போது எச்.எம். போடறது. அஞ்சு வயசு முடிஞ்ச கணக்கு வரணும்ல."

"உங்களுது?"

"ஜூன் ஒண்ணுதான்."

"ஹேப்பி பர்த்டே. உங்களுக்கும் இன்னும் ரெண்டாயிரம் பேருக்கும்."

ஒரு நாள் அவள் பெயரைத் தட்டித் தேடிக் காட்டினாள். "இதுக்குள்ள எல்லாம் கெடக்கு சார். ஆனா தானா வாயத் தொறக்காது. கேட்டாதான் சொல்லும். கேக்கறதும் சரியா கேக்கணும்."

சகாதேவனுக்குக் குளிர் மிஷின் கொஞ்சம் ஜாஸ்தியாக வைத்தது போலிருந்தது. தன் பெயரை வைத்துக்கொண்டு இன்னொருவன் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

"ரேணுகாம்பாள்னு கேட்டா?"

கிர்ர் கிர்ர் என்று தாள் நீண்டது. முப்பத்தேழு ரேணுகாம்பாள்கள், ஊர்ப்பெயரோடு. முப்பது பேருக்கு மேல் ஜூன் ஒன்று. அந்தத் தாளை அவன் ஒரு வாரம் மனப்பாடம் செய்தான். 'வே' என்று ஒருத்தியும் இல்லை. இருக்கவும் மாட்டாள், புருஷன் எழுத்து வந்திருக்கும். அது என்ன எழுத்து? மு. ரேணுகாம்பாள்கள் ஆறு பேர். கோ. நாலு. தானிப்பாடிப் பக்கத்தில் ஒரு ச. ரேணுகாம்பாள் கூட இருந்தாள். எவனோ ஒரு சங்கரனோ சதாசிவமோ கொடுத்து வைத்தவன் என்று ஒரு பெருமூச்சோடு அந்த வரியைத் தாண்டினான்.

படிவத்தில் 'தகப்பன் அல்லது கணவன் பெயர்' என்று ஒரே கட்டம்தான். பெண்கள் எல்லாருக்கும் அதில் புருஷன் உட்கார்ந்திருந்தான். அப்பன் பெயர் போன இடம் தெரியவில்லை. சகாதேவன் மேனேஜரிடம் போனான்.

"சார், பொம்பளைங்களுக்குத் தகப்பன் பேருக்குத் தனியா ஒரு கட்டம் வேணும்."

"எதுக்கு?"

"போன தபா ஒரே ஊர்ல ரெண்டு மு. ரேணுகாம்பாளுக்குச் சீட்டு மாறிப் போச்சு சார். செம்மண் கொல்லைக்காரி களிமண் யோசனைய வாங்கிட்டுப் போயி விதையே மொளைக்கல."

அது நிஜமாகவே நடந்ததுதான். ராமகிருஷ்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏழு வருஷத்துல நீ உருப்படியா சொன்ன மொத யோசனைய்யா இது." புதுப் படிவம் அச்சானது. 'பெயர் சான்றிதழில் உள்ளபடி' என்று தலையிலேயே போட்டு, டெப்போ ஆட்கள் வழியாக ஊர் ஊராகப் போனது.

படிவங்கள் திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. தகப்பன் பெயர் கிடைத்ததில் இரண்டு பெண்கள் அப்பன் செத்தபின் விட்டுப்போன உறுப்பினர் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். இந்தப் புதுக் கட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி மேனேஜரை வேலூருக்குக் கூப்பிட்டார்கள். இது எல்லாம் ஒருத்தனுடைய பெருமூச்சிலிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது.

சந்திரகலா சாப்பிடப் போகும் முன் ஒரு நாள் கேட்டான். "ரேணுகாம்பாள். தகப்பன் பேரு வேணு."

"யாரு சார் இந்த ரேணுகாம்பாள்? சொந்தமா?"

"மெம்பர்."

"மெம்பரா. சரி, மெம்பர்னே வெச்சிக்கலாம்."

இரண்டு வரி வந்தது. ஒருத்திக்கு வயது அறுபத்தொன்று. இன்னொரு வரியை அவன் மூன்று முறை படித்தான். ச. ரேணுகாம்பாள். தகப்பன் பெயர் வேணு. கணவன் பெயர் பலராமன். தானிப்பாடி. சான்றிதழைப் பார்த்து எழுதிய அவள் அட்டை எண்பத்தொன்றிலிருந்தே அவன் டிராயரில் இருந்தது. எத்தனையோ முறை அவன் விரல் அதைத் தள்ளிவிட்டு அடுத்த அட்டைக்குப் போயிருக்கிறது. முப்பத்தேழு பேரில் அவன் தேடாமல் விட்ட ஒரே எழுத்து அவனுடைய எழுத்துதான்.

தானிப்பாடி பஸ் எங்கே ஏறுவது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனான். முதல் வாரம் டீ குடித்துவிட்டுத் திரும்பினான். இரண்டாம் வாரம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் விசில் ஊதியதும் இறங்கினான். மூன்றாம் வாரம் டீயும் குடிக்கவில்லை. போய் என்னவென்று சொல்வது? உன் பெயருக்கு முன்னால் பதின்மூன்று வருஷமாக நிற்கிறவன் நான்தான் என்றா?

அவன் போகவில்லை. அவளே வந்தாள்.

தகவல் உதவியாளர் வேலைக்கு நேர்முகம் நடந்த நாள் அது. வாசல் புங்கமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு மனிதர் அவளுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு நின்றார். பலராமன். நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தது. அதில் சகாதேவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அவள் கொஞ்சம் கறுத்திருந்தாள், நடை மட்டும் அதே நடை. சகாதேவன் ரெக்கார்ட் ரூமில் அட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆனால் மேனேஜர் அறைக்கும் அதற்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான்.

"மார்க் நல்லா இருக்கும்மா. கையேட்டையும் நல்லா படிச்ச" என்றது ராமகிருஷ்ணன் குரல். "ஆனா சர்ட்டிபிகேட்ல ச-ன்னு இருக்கு. உங்க அப்பா வேணு. ஊட்டுக்காரர் பலராமன். இந்த ச யாரும்மா?"

"பதிமூணு வருஷமா எல்லாரும் அதான் சார் கேக்கறாங்க."

"நீ இன்னா சொல்லுவ?"

"அச்சுல தப்புன்னுவேன். கல்யாணத்துல எங்க மாமியாரும் கேட்டாங்க. டிரெய்னிங்ல கேட்டாங்க. அங்கன்வாடிக்கு ஆள் எடுத்தப்ப கேட்டாங்க. யாரும் நம்பல."

"மெட்ராஸ்ல திருத்தி வாங்கிட்டு வாம்மா."

"அப்பவும் இதான் சார் சொன்னாங்க."

"நான் இன்னா பண்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள லிஸ்ட்டு போவணும். உன் சர்ட்டிபிகேட்டுதான்னு சொல்ல எழுத்துல ஏதாவது வேணும். இல்லாட்டி அடுத்த ஆளுக்குத்தான் குடுக்கணும்." பிறகு குரலை உயர்த்தினார். "சகாதேவா, தானிப்பாடி அட்டைய எடுத்தா."

அட்டையை எடுத்துக்கொண்டு போனான். மேஜைமேல் வைத்தான். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். மேனேஜருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று புரியவில்லை.

"நீங்களும் எங்க வகுப்புதான?" என்றாள். பிறகு, வேப்பமரத்தடியில் மழையைப் பற்றிக் கேட்பாளே அதே குரலில், "இந்த ச யாருனு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு?"

"நான்தான்."

"இன்னாய்யா நான்தான்?" என்றார் ராமகிருஷ்ணன்.

சொன்னான். பட்டியல், தீபம், பிளேடு, சம்பத்தின் சட்டை, எல்லாவற்றையும் வரிசை தவறாமல் சொன்னான். 'ச' என்று ஏன் எழுதினான் என்பதை மட்டும் விளையாட்டுக்கு என்று சொன்னான். மேனேஜர் அதை நம்பினார். அவள் நம்பவில்லை என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "ஹால் டிக்கெட் வந்த அன்னைக்கே தெரியும். வேற யாரு செய்வா? நீயே வந்து சொல்லுவேன்னுதான் இருந்தேன். தை வரைக்கும் இருந்தேன். நீ கேட்டாதான் சொல்ற ஆளுனு மறந்தே போச்சு."

நீங்க என்று தொடங்கியவள் எந்த இடத்தில் நீ என்று மாறினாள் என்பதைச் சகாதேவன் கவனித்தான். அந்த ஒரு எழுத்துக்காக இன்னும் பத்துப் பட்டியலை அவன் ஒப்புக்கொண்டிருப்பான்.

"எழுதிக் குடுக்கறியா?" என்றார் ராமகிருஷ்ணன். "யோசிச்சிக்க. பதிவேட்டுல பேர மாத்துனவன்னு உன் கையாலயே எழுதிக் குடுத்தா, அப்புறம் ரெக்கார்ட் ரூம் சாவிய உங்கிட்ட வெக்க முடியாது. குடோனுக்குத்தான் போவணும். தூசு."

"குடுங்க சார், பேப்பரு."

முத்து முத்தாக ஒரு பக்கம் எழுதினான். கீழே தன் பெயரைப் போட்டான். மேனேஜர் படித்துப் பார்த்து, சாவிக்குக் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தான். "இந்த மாதிரி எழுதறவன குடோனுக்கு அனுப்பறேன் பாரு" என்று தன்னைத்தானே நொந்துகொண்டு, "கம்ப்யூட்டர்லயும் மாத்திட்டுப் போ. அதுதான் உனக்குக் கடைசி வேலை" என்றார்.

அவனும் அவளும் செருப்பை வெளியே விட்டுக் குளிர் அறைக்குள் போனார்கள். சந்திரகலா காகிதத்தைப் படித்தாள். அவனை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை.

"ச-வுக்கு இங்கிலீஷ்ல எஸ் இருக்கு, அத எடுத்துடறேன். இன்னா எழுத்து போடணும்க்கா? அப்பாவுதா, வெளிய நிக்கற ஊட்டுக்கார அண்ணனுதா?"

ரேணுகாம்பாள் கண்ணாடி வழியே புங்கமரத்தைப் பார்த்தாள். பலராமன் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மறுபடி மூடிக்கொண்டிருந்தார். அவளுக்கென்று வைத்திருந்த தண்ணீர்.

"வே. பரீட்ச எழுதுனது வேணு பொண்ணுதான?"

சந்திரகலா தட்டினாள். திரையில் பச்சை எழுத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. "மாத்தட்டுமான்னு கேக்குது. ஆமான்னா ஒய், இல்லன்னா என். நீங்கதான சார் கையெழுத்துப் போட்டீங்க, நீங்களே அமுக்குங்க."

சகாதேவன் விரலை ஒய் மேல் வைத்தான். அமுக்கவில்லை. அவன் எழுத்தும் அவள் பெயரும் ஒன்றாக நிற்பது இப்போது உலகத்தில் மூன்றே இடத்தில்தான். சான்றிதழ் மெட்ராஸில் ஒரு நாள் திருந்திவிடும். அட்டையை இனி வேறு ஆள் பார்த்துக்கொள்வான். மிச்சம் இது. பின்னால் அவள் வளையல் ஒரு முறை சத்தம் போட்டது. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

"சார்" என்றாள் சந்திரகலா, மெதுவாக. "அது கேட்டுட்டு நிக்குது."

அமுக்கினான். ஒரு எழுத்து போய் ஒரு எழுத்து வந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டர் அடுத்த பெயர் என்ன என்று கேட்டது.